மார்கழியில் மலைக்கு வந்தவர்களுக்கு: உடம்பும் வழிபாடும் சேர்ந்து தேற ஒரு வழிகாட்டி

கார்த்திகை மழை விட்டு மார்கழி பிறக்கும்போது இலங்கை மலையகத்தில் காற்றே மாறிவிடும். புதிதாக ஆட்கள் வந்து சேர்கிற நேரமும் இதுதான். இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற ஆசிரியர்களும் தாதியரும் இருப்பார்கள். கல்யாணம் முடித்து இங்கே வாழ வருகிற பெண்களும், கொழும்புக் கடைகளில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்புகிற பிள்ளைகளும் இருப்பார்கள். கொஞ்ச நாள் போனதும் எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சைக் கேட்கலாம். தொண்டை கட்டிவிட்டது, விடிய எழும்ப முடியவில்லை, கோயிலுக்குப் போகிற பழக்கம் விட்டுப்போனது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்பார்கள்.

இதற்கெல்லாம் தனித்தனியாக மருந்து தேட வேண்டாம். மலையகத்து மார்கழி வழக்கத்துக்குள்ளேயே உடம்புக்கானதும் இருக்கிறது, மனத்துக்கானதும் இருக்கிறது. விடியலில் எழும்புவது, சுடச்சுட ஏதாவது குடிப்பது, நாலு பேரோடு சேர்ந்து பாடுவது, சுண்டல் சாப்பிடுவது எல்லாம் அதில் அடக்கம். அதில் நீங்களும் சேர்ந்துகொண்டால் போதும். ஆனால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சேர வேண்டும். பக்தி என்ற பெயரில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு தைப்பொங்கலன்று படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பக்கத்து மலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

மலையகம் முழுக்க ஒரே காலநிலை என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அப்படி இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அந்தப் பக்கம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வருவது வடகீழ்ப் பருவக்காற்று. அதன் மழை பதுளை, பசறை, மடுல்சீமை போன்ற கிழக்குச் சரிவுகளுக்கு. நுவரெலியா இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கத்து மழையும் அங்கே எட்டிப்பார்க்கும்.

ஆகவே ஒரே மார்கழியில் ஹட்டன் பக்கம் காலையில் பனி மூட்டம், பகலில் சுள்ளென்று வெயில், இரவில் நடுக்கம் என்று போகும். பசறைப் பக்கம் நாள் கணக்கில் தூறல் நிற்காது, உடுப்பு காயாது. தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேற்குச் சரிவில் உள்ள திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல மணம் ஏறும், கிழக்குச் சரிவில் உள்ள ஊவாத் தேயிலைக்கு அந்தப் பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசனை கூடும்.

ஊவாப் பக்கம் வந்தவர்கள் விரதம் பற்றி யோசிக்கும் முன் மண்சரிவு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளே, மண்ணுக்குள் போயின. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை வானொலியிலோ தொலைபேசியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் பையைக் கட்டி வையுங்கள். 150 தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேறிவிடுங்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, வழக்கமாக ஓடிய பீலி (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) நின்றுபோவது போன்றவற்றைக் கண்டால் எச்சரிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வீட்டை ஆயத்தம் செய்யுங்கள்

லயத்துக் காம்பராவோ, பாடசாலை விடுதியோ, வாடகை அறையோ, கூரை பெரும்பாலும் தகரம்தான். இரவில் உள்ளே இருக்கும் சூடு தகரத்தில் பட்டு விடியும்போது சொட்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். தரையில் படுப்பவர்கள் பாயின் கீழே தடித்த கார்ட்போர்ட் மட்டை ஒன்றை விரித்தால் சீமெந்துக் குளிர் முதுகில் ஏறாது. கம்பளியையும் தலையணையையும் வெயில் கண்ட நாளில் வெளியே போட்டுக் காயவைத்து, மூன்று மணிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஈரம் ஏறும். துணி துவைப்பதும் காலையிலேயே முடிய வேண்டும்.

குளிருக்கு அறைக்குள் தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கரி அரைகுறையாக எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். அடுப்பங்கரையில் நன்றாகக் குளிர் காய்ந்துவிட்டு, தணலை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள். தேவையென்றால் போத்தலில் சுடுதண்ணி நிரப்பித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். விறகு அடுப்பு எரியும் நேரம் ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

அடுத்தது சாமி விளக்கு. கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே விளக்கு நின்று எரிவதில்லை என்று கவலைப்படுவார்கள், சிலர் அதை அபசகுனமாகவே எடுத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் உங்கள் எண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கட்டியாக இருக்கும், திரி எண்ணெயை இழுக்காது. விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள், அது இந்தக் குளிருக்கு உறையாது. தலைக்கும் உடம்புக்கும் பூசுகிற தேங்காய் எண்ணெயை அடுப்புத் திட்டின் ஓரத்தில் வைத்தால் இளகி இருக்கும்.

விடியலில் ஒரே ஒரு காரியம்

வழிபாடு விட்டுப்போனவர்கள் திரும்ப ஆரம்பிக்கும்போது பெரிய சபதம் எடுப்பார்கள். தினமும் நாலு மணிக்கு எழும்புவேன், மாதம் முழுக்க ஒரு நேரச் சாப்பாடு, இத்தனை பதிகம் என்று. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து எல்லாம் நின்றுவிடும். பிறகு குற்ற உணர்ச்சியில் கோயில் பக்கமே போகமாட்டார்கள்.

சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் அம்மாவோடு சொன்ன ஒரு தேவாரம், ஒரு நாமம், ஒரு செபம் எதுவானாலும் சரி. எழும்பியதும் அடுப்பில் தண்ணீர் வையுங்கள். அது சூடாகும் நேரத்தில் விளக்கை ஏற்றி, திருநீறு பூசி, அந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். டிசம்பர் கடைசியில் சூரியன் 6.20 அளவில்தான் உதிக்கும். பள்ளத்தாக்கில் இருந்தால் எதிர் மலையைத் தாண்டி வெயில் உங்கள் வாசலுக்கு வர ஏழரை, எட்டுகூட ஆகலாம். ஆகவே ஐந்தரைக்கு எழும்பினாலே நன்றாக இருட்டில்தான் எழும்புகிறீர்கள், நாலு மணி கணக்கு வேண்டாம்.

குளிப்பது பற்றி ஒரு வார்த்தை. பீலியில் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினால்தான் மார்கழி விரதம் என்று சிலர் சொல்வார்கள். இருபது வயதுப் பிள்ளை செய்தால் செய்யட்டும். பிரஷர், இருதய வருத்தம், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், தொய்வுக்காரருக்கு மூச்சு அடைக்கும். சுடுதண்ணி கலந்து குளியுங்கள். முதலில் காலில் ஊற்றி, அப்புறம் கை, கடைசியில் தலை. அதுவும் முடியாத நாளில் முகம், கை, கால் கழுவித் திருநீறு பூசினால் போதும். இங்குள்ள வயதான பாட்டிமார் பலர் வெயில் ஏறின பிறகு பதினொரு மணிக்குத்தான் குளிப்பார்கள், அவர்களுடைய பக்தியில் ஒரு குறையும் இல்லை.

கோயிலுக்குப் போய் அறிமுகமாகுங்கள்

மேலே சொன்னதெல்லாம் தனியாகச் செய்யலாம். ஆனால் தனியாகச் செய்தது நிலைப்பது கஷ்டம். மார்கழியில் மலையகத்துக்கு உயிரே பஜனைதான்.

வீட்டில் திருவெம்பாவைக்கும் பிள்ளையார் கதைக்கும் பழகி வந்தவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும். விடிய ஐந்து மணிக்கு முன்பே மாரியம்மன் கோயில் மணி அடிக்கும், ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கும். பெடியன்கள் வேட்டிக்கு மேலே ஜேர்சி போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, தாளமும் டோலக்கும் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் முதல் அடியைப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாயிலிருந்து ஆவி பறக்கும். சில தோட்டங்களில் லயம் லயமாகச் சுற்றி வருவதும் உண்டு. வாசலில் கோலம் போட்டு, சாணத்தில் பிள்ளையார் பிடித்து மேலே பூச்செருகி வைத்திருக்கும் வீடுகளில் நின்று பாடிவிட்டுப் போவார்கள். எல்லாம் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் நேரத்துக்குள் முடிந்துவிடும், ஏனென்றால் அதன் பிறகு கொழுந்தெடுக்கப் போக வேண்டும். கடைசியில் ஒரு தாளில் சூடான சுண்டலும் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணியும் கைக்கு வரும். அந்த நேரத்தில் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் தானாகவே பேச்சுக் கொடுப்பார், "நீங்க புதுசா வந்த டீச்சரா?" என்று. மாதக் கணக்கில் கிடைக்காத பழக்கம் இங்கே ஒரு காலையில் கிடைக்கும்.

எப்படிப் போய்ச் சேர்வது? முதலில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் போங்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, சூடம், கொஞ்சம் செவ்வந்திப் பூ இருந்தால் போதும். பூசை முடிந்ததும் பூசாரியிடமோ கோயில் தலைவரிடமோ உங்களை அறிமுகம் செய்துகொண்டு, பஜனை எத்தனை மணிக்கு, எந்த நாள் யாருடைய உபயம் என்று கேளுங்கள். மார்கழி நாட்களை வீடுகளும் லயங்களும் பங்கு போட்டுக்கொண்டு சுண்டலும் பொங்கலும் செய்வார்கள். முழு உபயமும் எடுக்க வேண்டிய அவசியமில்லை. "ஒரு நாளைக்குக் கடலை நான் வாங்கித் தாறேன் அண்ணே" என்று சொன்னாலே போதும், உங்களைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்வார்கள். கோயில் வரி வாங்கும் வழக்கம் இருந்தால் அதையும் கேட்டுக் கட்டிவிடுங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கோயிலைக் கட்டினவர்கள் அவர்கள்.

ஆகமக் கோயில்களில் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள சில சாமிகள் புதிதாக இருக்கும். மாரியம்மன் பக்கத்தில் முனியாண்டி இருப்பார், மாடசாமி இருப்பார். தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தில் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று கும்பிடும் ரோதை முனி இருக்கிறார். செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையிலேயே கல் வைத்துக் கும்பிடும் கவ்வாத்துச் சாமி இருக்கிறார். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் ஊர்ச் சாமிகளைக் கூடவே கொண்டுவந்தார்கள், இங்கே பார்த்த வேலைக்குப் புதுச் சாமிகளையும் உண்டாக்கிக்கொண்டார்கள். கத்தியும் சக்கரமும் குளவியும் சிறுத்தையும் நிறைந்த வேலையில் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல்தான் அந்தக் கற்களில் இருக்கிறது. "இதெல்லாம் சாமியா" என்று ஒரு தரம் வாய் தவறிக் கேட்டாலும் அந்த மனக்கசப்பு நீண்ட நாள் நிற்கும். தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் மரியாதையாகக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கிறிஸ்தவர்களுக்கும் இது விசேஷ மாதம். திருவருகைக்கால ஆராதனையும், வீடு வீடாகப் போகும் கரோலும் தோட்டங்களில் மும்முரமாக நடக்கும். மார்கழி பஜனைக்குப் போகிற பெடியன் இரவில் கரோல் குழுவுக்கு டோலக் அடிக்கப் போவதும் இங்கே சாதாரணம். உங்கள் வழிபாடு எதுவோ அதன் கூட்டத்தைத் தேடிப் போங்கள்.

விரதமும் சாப்பாடும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிரில் தவறு நடப்பது பெரும்பாலும் சாப்பாட்டில்தான்.

விரதம் என்றால் பட்டினி கிடப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரக்கறிச் சாப்பாடு, நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு குறைவு, வெற்றிலை சிகரெட் இல்லை, சாராயம் இல்லை என்பதே நல்ல விரதம். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் கிளினிக்கில் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் இருந்தால் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பிரஷர் மாத்திரையை விரதத்துக்காக நிறுத்தவே வேண்டாம், மாத்திரை போட்டால் விரதம் முறியாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டாலே அது விரதம்தான்.

உபயத்துக்குச் சுண்டல் செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஊரில் இரவு ஊறப்போட்டு அரை மணியில் அவிந்த கடலை இங்கே அவியாது. முதல் நாள் பகலிலேயே ஊறப்போடுங்கள், நடுவில் ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள், பிரஷர் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். அரைவேக்காட்டுக் கடலை சாப்பிட்டு வயிறு ஊதினால் அடுத்த நாள் பஜனைக்கு யாரும் எழும்பமாட்டார்கள்.

இனித் தேத்தண்ணி. தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுக்காது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு, களைப்பு என்று கிளினிக்கில் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்பு, கௌபி சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொண்டால் அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். வல்லாரைச் சம்பல் இங்கே எளிதாகக் கிடைக்கும். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா எல்லாம் வாசலிலேயே விளைகிற ஊர் இது. பக்கற்றில் அடைத்த கொறியலை வாங்கிக்கொண்டு திரியாதீர்கள்.

தடிமன் பிடித்தால் கொத்தமல்லித் தண்ணி. ஒரு கைப்பிடி கொத்தமல்லியை வெறும் சட்டியில் மணம் வரும் வரை வறுத்து, ஒரு விரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, மூன்று கோப்பை தண்ணீர் ஒன்றரைக் கோப்பையாக வற்றும் வரை கொதிக்கவிடுங்கள். வடித்து, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிக்க வேண்டும். சீனி வருத்தக்காரர் கருப்பட்டியை விட்டுவிடுங்கள். தொண்டைக்கு நல்ல இதம். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் கொத்தமல்லியோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள், டெங்கு மலைநாட்டிலும் இருக்கிறது.

குளிரில் தாகமே தெரியாது. அதனால் தண்ணீர் குடிக்க மறந்து, தலையிடி, மலச்சிக்கல், உதடு வெடிப்பு என்று அலைவார்கள். சுடுதண்ணிப் போத்தலை மேசையிலேயே வைத்துக்கொண்டு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

தோல், மூச்சு, நடை

தோலுக்கு வேறொன்றும் வேண்டாம், குளித்து ஈரம் முழுக்கக் காயுமுன் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும். குதிகால் வெடித்தால் இரவில் எண்ணெய் பூசிக் காலுறை போட்டுப் படுங்கள். தொய்வு உள்ளவர்கள் பம்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடுங்கள். சாம்பிராணிப் புகை அதிகம் போடும் இடத்தில் உள்ளே முன்னால் போய் நிற்க வேண்டாம், வாசலில் நின்று கும்பிட்டாலும் கும்பிடுதான்.

காலையில் நடப்பது நல்லது, ஆனால் இருட்டில் தனியாக வேண்டாம். தோட்ட நாய்கள் புது ஆளைத் துரத்தும், ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. விடிந்த பிறகு, முடிந்தால் கூட ஒருவரோடு, பெரிய பாதையில் நடங்கள். குளவிக் கூடு இருக்கும் மரத்தின் பக்கம் போகாதீர்கள். எங்கே கூடு இருக்கிறது என்று கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள். குளவி கொட்டி மூச்சு வாங்கினால் சுணங்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மனம் சோர்ந்தால்

பின்னேரம் நாலு மணிக்கே பனி இறங்கி எதிர் வீடுகூடத் தெரியாமல் போகும்போது, ஊரை விட்டு வந்தவர்களுக்கு நெஞ்சு கனக்கும். ஆறு மணிக்கு இருட்டு. கடைசி பஸ்ஸும் போய்விடும். அந்த மூன்று நாலு மணி நேரத்தைத்தான் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசியோடு கம்பளிக்குள் போய்ச் சுருண்டுவிடாதீர்கள். விளக்கு ஏற்றுங்கள், இரவுச் சாப்பாட்டை நீங்களே சமையுங்கள், பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு கறி கொடுத்தனுப்புங்கள். வெறும் பாத்திரம் திரும்பி வராது. பகல் வெயிலைத் தவறவிடாதீர்கள். இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே போய் முகத்தில் வெயில் படும்படி நின்றால் இரவுத் தூக்கமே வேறு மாதிரி இருக்கும்.

சாமி கும்பிடும்போது அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது நம்பிக்கைக் குறைவு இல்லை, வருத்தம். வைத்தியசாலையில் மனநல கிளினிக் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். நேர்த்திக்கடனும் வையுங்கள், மருந்தும் எடுங்கள்.

தை பிறந்த பிறகு

பொங்கலன்று பால் பொங்க நேரம் எடுக்கும், விறகைக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்ததும் குளிர் போய்விட்டது என்று கம்பளியை மடித்து வைக்க வேண்டாம். உண்மையான குளிர் ஜனவரி, பெப்ரவரியில்தான். முகில் இல்லாத இரவுகளில் நுவரெலியாவில் 5 பாகைக்கும் கீழே இறங்கும், விடியும்போது பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். வானம் தெளிவாக, நட்சத்திரம் நிறையத் தெரிந்தால் அன்று இரவு கூடுதலாக ஒரு போர்வை எடுத்து வையுங்கள்.

மாசியில் பல தோட்டங்களில் காமன் ஊன்றி, ரதி மதன் கதையை இரவிரவாக ஆடி, காமன் தகனத்தோடு முடிப்பார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தில் ஐந்து தேரும் ஓடும். முடிந்தால் இரண்டையும் பாருங்கள்.

சிவனொளிபாதமலைக்குப் போக நினைப்பவர்கள் தையிலோ மாசியிலோ வார நாளில் போங்கள். டிசம்பர் போயாவோடு (முழுநிலா நாளோடு) பருவம் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும், போயா நாட்களிலும் வார இறுதியிலும் படியில் நிற்கவே இடம் இருக்காது. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போய் ஏறும் பாதைதான் குறுகியது, ஆனால் செங்குத்து, 5500 படி அளவு. 2243 மீற்றர் உச்சிக்குப் போக மூன்று நாலு மணி நேரம் ஆகும். சூரியோதயம் பார்க்க நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் போதும், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் வியர்த்த உடம்போடு மேலே காற்றில் நடுங்க வேண்டியிருக்கும். உள்ளே போடக் காய்ந்த பனியன் ஒன்றைப் பையில் கொண்டுபோய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே கடை ஓரத்தில் மாற்றிவிட்டு ஏறுங்கள். டோர்ச், ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் கச்சான், மருந்து எடுப்பவர்கள் மருந்து. பிளாஸ்டிக் குப்பையைக் கீழே கொண்டுவந்து போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், அடிவாரத்தில் ஒரு தடி வாங்கிக்கொண்டு பக்கவாட்டாக மெதுவாக இறங்குங்கள், அடுத்த நாள் லீவு போட்டுவிடுங்கள்.